கத்தி வைக்கும் முன் கேளுங்கள்!

'மார்புல கட்டின்னா உடனே வெட்டி எடுத்துடணும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சை, சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் கேட்கிறேன். இது தப்பு, சகோதரிகளே!

மார்பகப் புற்றுநோய்க்கு எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்து செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த முறை இருக்கிறது. 2012ல், மும்பை டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று துவக்கிய, 'நேஷனல் கேன்சர் கிரிட்' என்ற அமைப்பு, நம் நாட்டுக்கு ஏற்றபடி இதை வெளியிட்டுள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் துவக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இதில் சேர்ந்தது தான்.

முதலில், ஊசி மூலம் துளி சதை எடுத்து, 'பயாப்சி' பார்க்கணும். புற்று என்று உறுதியானால், அதே சதையில், இ.ஆர்., பி.ஆர்., ஹெர் - 2 என்ற மூன்று சோதனைகள். மாத்திரையா, கீமோவா என்பதெல்லாம் அதை வைத்துத் தான் முடிவாகும். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ தர வேண்டியிருக்கும். அவசரப்பட்டு கத்தி வைத்தால், அந்த வழியே அடைபட்டுப் போகும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணிக்கு, சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில், 'வெறும் கொழுப்புக் கட்டி' என்று சொல்லி எடுத்து விட்டனர். எடுத்த சதையை சோதனைக்கே அனுப்பவில்லை. எட்டு மாதத்தில், அதே இடத்தில் மறுபடியும் கட்டி. அக்குளில் நெறியும் கட்டி விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், 'பழைய ரிப்போர்ட் எங்கேம்மா?' என்று கேட்டபோது, காட்ட ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கரன்ட் வைத்துக் கொண்டிருக்கும்போதே, 'ஊருல நோம்பி, கூட இருக்க ஆளில்லை' என்று பாதியில் கூட்டி வந்து விடுகிறோம். அஞ்சு வருஷமாவது சாப்பிட வேண்டிய, 'டமாக்சிபென்' மாத்திரையை, 'இப்ப நல்லாத் தானே இருக்கே... எதுக்கு தண்டச் செலவு?' என்று, ஆறு மாதத்தில் நிறுத்தி விடுகிறோம். வீட்டுக்காரருக்கு என்றால் இப்படி பாதியில் விடுவோமா? பெண்ணின் வைத்தியம் என்றால் மட்டும் எல்லாருக்கும் கணக்கு வந்து விடுகிறது. முதல்வரின் காப்பீட்டு திட்டத்தில், புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு. அட்டையை எடுத்துப் போய் விசாரியுங்கள்.

வெண்டைக்காயைக் கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், உடம்பில் கத்தி வைக்கும்போது வாயை மூடிக் கொள்ளலாமா? 'பயாப்சி பார்த்தாச்சுங்களா? கட்டியை மட்டும் எடுத்தாப் போதுமா, மார்பையே எடுக்கணுமா? அப்புறம் கரன்ட் வைக்கணுங்களா?' என்று பணிவாகவே கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார். ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்துங்கள்.

— ஒரு வாசகி, ராசிபுரம்.