வானியல் ஆய்வு: இருக்கிற பணத்தில் எதற்கு முதலிடம்? காவலூர் சொல்லும் கணக்கு

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். சந்தன மரத்துக்குப் பேர் போன அந்த மலையில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு ஒரு தொலைநோக்கி நிற்கிறது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன்பின் 30 ஆண்டுகள் இந்தியாவின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கி அதுதான். 2016இல் நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்த பிறகே அந்தப் பட்டம் போனது.

கீழே ஆம்பூரில், வாணியம்பாடியில் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். “பாலாறு நாறிக் கிடக்குது, இதுல நட்சத்திரம் பார்க்கக் கோடிக்கணக்குல செலவா?” இது கிண்டலாக ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. அறிவியலுக்கான பணம் இந்தியாவில் குறைவு. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் சேர்த்து நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். அதில் மருந்தும் விவசாயமும் பாதுகாப்பும் அணுசக்தியும் எடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு துண்டுதான் வானியலுக்கு. அந்தத் துண்டை எப்படிப் பங்கு போடுவது என்பதே இன்றைய கேள்வி.

வரிசையில் நிற்கும் திட்டங்கள்

பட்டியல் சின்னது இல்லை. ஹவாயில் கட்டத் திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியில் பத்தில் ஒரு பங்குக்காரராகச் சேர 2014இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ-இந்தியா திட்டத்துக்கு 2023இல் 2,600 கோடி. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டப்படும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கியில் சேர 1,250 கோடி. மூன்றையும் கூட்டினால் 5,150 கோடி. பல ஆண்டுகளில் பிரித்துச் செலவாகும் தொகைதான் இது. ஆனாலும் சந்திரயான்-3க்கு ஆன செலவு 615 கோடி என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும். இவற்றுக்குப் பின்னால் லடாக்கில் ஒரு பெரிய சூரியத் தொலைநோக்கி, ஹான்லேயில் 10 மீட்டருக்கு மேற்பட்ட ஒளியியல் தொலைநோக்கி என்று நம் சொந்தக் கனவுகளும் காத்திருக்கின்றன.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. 1960களில் இருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை வானியலாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து, அடுத்த பத்தாண்டுக்கு எது முதல், எது பிறகு என்று வரிசை போட்டு அறிக்கை தருவார்கள். கடைசியாக வந்தது 2021 நவம்பரில். நாடாளுமன்றமும் நிதி தரும் அமைப்புகளும் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும். அதுவும் மந்திரக்கோல் கிடையாது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு ஆண்டுக்குச் சுமார் 6.8 கோடி டாலராக இருந்த நிதியை 4.1 கோடியாக வெட்ட 2024இல் நாசாவே முன்மொழிந்தது. வானில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் கருவி அது!

இந்தியாவிலும் 2035 வரைக்குமான வானியல் தொலைநோக்கு ஆவணம் ஒன்று தயாராகியிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் ஆசைகளைப் பட்டியல் போடுவது ஒன்று, வரிசைப்படுத்துவது வேறு. பணம் பாதிதான் வந்தால் எதை விடுவோம் என்று வெளிப்படையாகச் சொல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு நிதி அமைச்சகத்தில் பேச முடியாது.

முதலில், இருக்கிறதைக் காப்பாற்றுங்கள்

எங்கள் கருத்து இது: புதுக் கட்டடத்துக்கு முன், இருக்கும் கருவிகளின் பராமரிப்புக்கும் மேம்பாட்டுக்கும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். ரிப்பன் வெட்டும் விழா இதில் கிடையாது, அதனால்தான் எப்போதும் இது கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

காவலூரையே எடுத்துக்கொள்வோம். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான வேணு பாப்பு, இரவு வானம் பார்க்க நல்ல இடம் தேடிக் கண்டுபிடித்த மலை இது. 1968இல் இங்கே முதலில் நின்றது வெறும் 38 செ.மீ. தொலைநோக்கி. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த அதே ஆண்டு, வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது அங்கே மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி இங்கே பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. பறக்கும் விமானத்தில் தொலைநோக்கி வைத்து அமெரிக்கக் குழு அந்தக் கோளின் வளையங்களைக் கண்டுபிடித்த அதே நிகழ்வைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. 1988இல் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி ஒரு குறுங்கோளைக் கண்டது. அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர்.

அந்தப் பெரிய தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, பெங்களூருவில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் நம் ஆட்களே தேய்த்து மெருகேற்றியது. அது முடிவதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982இல் மூனிக்கில் காலமானார். அங்கே உருவான ஆடி தேய்க்கும் கைத்திறன் மட்டும் தொடர்ந்தது.

“ஹான்லே இருக்கும்போது காவலூர் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே வானம் அத்தனை வறண்டது, அத்தனை இருட்டு. காவலூருக்கோ இரண்டு பருவமழையும் மேகம் கொண்டுவரும். ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. காவலூர் 12.5 பாகை அட்சரேகையில் இருக்கிறது, ஹான்லே கிட்டத்தட்ட 33இல். சூரியனுக்கு மிக அருகே உள்ள விண்மீன் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி ஹான்லேயில் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. காவலூரில் தெற்கே தாழ்வாகத் தெரியும். தென்வானத்தின் ஒரு பகுதியை இந்திய மண்ணில் நின்று பார்க்க இந்த மாதிரி இடம்தான் வேண்டும். பிரகாசமான விண்மீன்களின் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்கும் வேலைக்கு முழு இருட்டும் தேவையில்லை, பொறுமையான பல இரவுகள்தான் தேவை. புதிய 10 மீட்டர் தொலைநோக்கியில் அத்தனை இரவுகளை ஒரே மாணவருக்கு யாரும் தர மாட்டார்கள்.

பழைய கருவியைப் புதுப்பித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புனே அருகே நாராயண்காவ் பக்கம் உள்ள ஜி.எம்.ஆர்.டி.யே சாட்சி. 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள். கம்பிவலையைக் கயிறுகளில் இழுத்துக் கட்டிச் செலவைக் குறைத்தது கோவிந்த் ஸ்வரூப்பின் குழு. அதே ஸ்வரூப் 1970இல் ஊட்டி முத்தோரையில், மலைச்சரிவே அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஈடாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கட்டினார். பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகப் படுத்திருப்பதால், ஒரே அச்சில் திருப்பியே வான்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். காசு குறைவு, மூளை அதிகம். ஜி.எம்.ஆர்.டி.யின் மின்னணுப் பாகங்களை மேம்படுத்திய பிறகு, 2023 ஜூனில் மிக நீளமான ஈர்ப்பலைகளுக்கு உலகக் குழுக்கள் சான்று வெளியிட்டபோது அதன் தரவும் அதில் இருந்தது.

பராமரிப்பை விட்டால்? போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ, 305 மீட்டர் தட்டு, ஆண்டுக்கணக்கில் நிதி இழுபறியில் கிடந்தது. 2020இல் கேபிள்கள் ஒவ்வொன்றாக அறுந்து, டிசம்பர் 1 அன்று மேலே தொங்கிய மேடை முழுதுமாகத் தட்டின் மீது விழுந்தது.

கூட்டாகப் போடும் காசு

இரண்டாவது இடம், கூட்டுத் திட்டங்களுக்கு. இதை வேலூர், திருப்பத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்னபோது, சின்ன டேனரிகள் ஒவ்வொன்றும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். பங்கு போட்டால் வசதி வரும். ஆனால் பங்காளிகளில் ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் கதி என்ன என்பதும் இந்தப் பகுதிக்குத் தெரியும்.

முப்பது மீட்டர் தொலைநோக்கியின் நிலை அப்படித்தான் ஆகியிருக்கிறது. காவலூர் ஆடியைவிட 160 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்க வேண்டிய கருவி அது. மௌனா கியா மலை ஹவாய் மக்களுக்குப் புனிதமானது. அவர்கள் போராட்டத்தால் 2015இலும் 2019இலும் கட்டுமானம் தொடங்க முடியவில்லை. 2025 மே மாதம் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்ஜெட் கோரிக்கை, இத்திட்டத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லப் போவதில்லை என்றது. தன் லா பால்மா தீவுக்கு வந்தால் 40 கோடி யூரோ தருகிறோம் என்று ஸ்பெயின் முன்வந்தது. இந்தியா தன் பங்கின் பெரும்பகுதியைப் பொருளாகத் தருவதாகத்தான் ஒப்பந்தம்: ஆடித் துண்டுகள், அவற்றை நகர்த்தும் கருவிகள், மென்பொருள். பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேயில் அதற்கான பட்டறை இருக்கிறது. அந்தத் திறன் இங்கேயே தங்கும், வேறு தொலைநோக்கிக்கும் உதவும் என்பதால் போட்ட காசு முழுதும் வீண் இல்லை. ஆனாலும் கெடு இல்லாமல் காத்திருக்கக் கூடாது. இத்தனை மாதத்துக்குள் இடமும் நிதியும் முடிவாகாவிட்டால் மீதிப் பணத்தை ஹான்லேக்குத் திருப்புவோம் என்று அரசு இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்.

எஸ்.கே.ஏ. வேறு கதை. கட்டுமானம் நடக்கிறது, ஜி.எம்.ஆர்.டி.யில் பழகிய நம் பொறியாளர்களுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது.

காசே இல்லாத ஒரு வேலை

கடைசியாக ஒன்று, இதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. ஹான்லே 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் விளக்குக்குத் திரை போடுகிறார்கள், வானம் காட்டிச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். ஜவ்வாது மலையைச் சுற்றி அப்படி ஒரு ஏற்பாடு ஏன் கூடாது? ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் ஆகிய ஊர்களில் தெருவிளக்கு மாற்றும்போது, ஒளி மேலே சிதறாமல் கீழே மட்டும் விழும் மூடி போட்ட விளக்காக வாங்கினால் போதும். ஆடி தேய்க்கவும் கருவி வாங்கவும் ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை. டெண்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டியது நகராட்சியும் பேரூராட்சியும்தான்.