தம்பி என்னைத் திட்டிய நாள்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் வேலை பார்க்கும் என் தம்பி, 2019 ஜனவரியில் பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தான். தலையில் பலத்த அடி. அவன் மனைவிக்கோ கைக்குழந்தை. விசா கிடைத்ததும் நான் ஓடினேன்.

கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து மார்க் போடுகிறார்கள். குறைந்தது 3, முழு நினைவுக்கு 15. உலகமெங்கும் பயன்படும் இந்தக் கணக்கு 1974-ல் அதே கிளாஸ்கோவில்தான் உருவானதாம். தம்பிக்கு முதல் நாள் 6.

14 ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்னைத் தெரியுதாடா? அம்மா பேரு சொல்லு" என்று துளைத்தெடுத்தேன். போதாததற்குச் செல்போனில் பாட்டு வேறு! "போடி வெளியே" என்று டம்ளரை வீசினான். என்னை 'அக்கா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன். வராந்தாவில் நின்று அழுதேன்.

நர்ஸம்மா உட்கார வைத்துச் சொன்னார்: "வேண்டுமென்று திட்டவில்லை. மூளைக்காயம் ஆறும்போது இப்படிக் கோபம் வருவதுண்டு. சத்தமும் கேள்வியும் பெரிய பாரம். கேட்காதீர்கள், சொல்லுங்கள்."

மறுநாள் முதல், "நான் அக்கா. நீ ஆஸ்பத்திரியில இருக்கே. இன்னிக்குச் செவ்வாய்" அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். தூங்கினால் எழுப்புவதில்லை. கட்டில் எதிரே காலண்டர், குழந்தையின் போட்டோ. (ரசம் கொடுக்கலாம் என்று போனேன், விழுங்குவதைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு சொட்டுகூடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று தடுத்துவிட்டார்கள்.)

இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறான். எதையும் நோட்டில் எழுதி வைத்தால்தான் உண்டு. போன வாரம் போனில், "அக்கா, உன்மேல டம்ளரை வீசினேனாமே?" என்றான்.

"எனக்கு ஞாபகமில்லைடா" என்றேன்.