காணி கையில் இல்லாவிட்டாலும் எழுத்தில் இருக்கட்டும்

"காணியே எங்கடை கையில் இல்லை. இல்லாத காணிக்கு மரணசாசனம் எதற்கு?" இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிடம் சொத்து ஒழுங்கு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். அடுத்ததாக, "இப்பவே எழுதி வைத்தால் சாவைக் கூப்பிட்டது போலாகும்" என்பார்கள். இந்தப் பேச்சுக்களின் பின்னாலுள்ள வேதனை எமக்கு விளங்காததல்ல. ஆயினும் இவ்வெண்ணங்கள் எமது குடும்பங்களுக்குப் பெருந் தீங்கு செய்கின்றன. காணியில் குடியிருப்பவரை விடக் காணியை விட்டு வந்தவருக்கே எழுத்து அதிகம் தேவை என்பது எமது கருத்து.

ஊரோடு இருப்பவருக்கு வேலியும் கிணறும் அயலவரும் சாட்சி. ஆண்டுதோறும் அவர் விதைப்பதே அவரது உரித்தைச் சொல்லும். இடம்பெயர்ந்தவருக்கு இவை எவையும் இல்லை. காணியின் பெயர், நாற்புற எல்லை, கிணற்றில் உள்ள பங்கு, வாய்க்கால் போகும் வழி எல்லாம் வீட்டிலுள்ள மூத்தவரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர் கண்ணை மூடினால் அந்த விபரங்களும் அவரோடு போய்விடுகின்றன.

வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்வோம். 1990 ஆம் ஆண்டில் அங்கிருந்து மக்கள் வெளியேறினார்கள். போர் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். இடையே இருபத்தேழு ஆண்டுகள். ஐம்பது வயதில் வெளிக்கிட்டவருக்கு அப்போது எழுபத்தேழு வயது. அந்த நாளைக் காணாமலே போனவர்கள் பலர். பத்து வயதுப் பிள்ளையாகப் போனவர் முப்பத்தேழு வயதில் வந்து, பற்றை மண்டிய வெளியில் நின்று, "அப்புவின்ரை ஆறு பரப்பு எது?" என்று தேட வேண்டியிருந்தது.

எல்லையைக் கண்டுபிடித்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. உறுதி அப்புவின் பெயரில் இருக்கும். அப்புவும் ஆச்சியும் இல்லை. ஐந்து பிள்ளைகளில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் காணாமற் போனார், இருவர் வெளிநாட்டில். மிஞ்சிய மகள்தான் காணியைத் துப்புரவாக்கிப் பயிரிடுகிறார். அவருக்கோ பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டுமே உரித்து. வீட்டுத்திட்டத்துக்கும் வங்கிக் கடனுக்கும் பத்திரம் கேட்கும்போது அவர் கையை விரிக்கிறார். மற்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். எவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதாமல் இறந்தவரின் சொத்தைச் சட்டம் தன்பாட்டில் பங்கிடும். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தும். அதன்படி கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த காலத்துத் தேடியதேட்டத்தில் பாதி உயிரோடிருப்பவருக்கு உரியது. பெற்றோர் வழிவந்த முதுசமோ பொதுவாகப் பிள்ளைகளையே சேரும். முப்பது ஆண்டுகள் கூடவே நின்று தோட்டம் செய்த மனைவிக்கு அதில் பங்கில்லாமற் போகலாம். கிழக்கிலுள்ள தமிழருக்கும் முஸ்லிம் மக்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு. எந்தச் சட்டமாயினும், யார் முதியோரைப் பராமரித்தார், யார் கடன்பட்டுக் கிணறு வெட்டினார் என்பது அதற்குத் தெரியாது. அது குடும்பத்துக்குத்தான் தெரியும். ஆகவே குடும்பம்தான் எழுத வேண்டும்.

எழுதுமுன், உங்கள் காணி எந்த வகையானது என்று அறிந்துகொள்ளுங்கள். உறுதிக்காணியானால் மரணசாசனம் எழுதலாம். அது செல்லுபடியாவதற்கு 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க ஒப்பமிடலாம். முகாமிலும் தூரக் கிராமத்திலும் இருப்பவர்கள் இரண்டாவது வழியை நினைவில் வைத்திருப்பது நன்று. பங்கு பெறப்போகிறவர்களைச் சாட்சியாக வைக்க வேண்டாம்.

கிளிநொச்சி, விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் பலரிடம் இருப்பது அரச காணி. அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம் மூலம் பெற்றது. இதற்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் பொருந்தும். இக்காணிக்குப் பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும். அந்த நியமனப் பத்திரம் காணிக்காரர் உயிரோடிருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். பத்திரத்தை எழுதிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் பயனில்லை. நியமனம் இல்லாதவிடத்து முன்னர் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது நல்ல செய்தியே. இருந்தாலும் அதை நம்பி நியமனத்தைப் பின்போடலாகாது. இறந்தவரின் துணைவர் ஆறு மாதத்துள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் இச்சட்டத்தில் விதி உண்டு. இடம்பெயர்ந்தவருக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே காணிக்காரர் இறந்தவுடன் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியையும் எம்மவர் விரும்புவர். உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது. வழக்குக்குப் போகத் தேவையில்லை என்பதால் இது சுலபமானதே. ஆனால் முழு உரித்தையும் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளையின் வீட்டு விறாந்தையில் விருந்தாளியாக இருக்கும் முதியோரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கொடுப்பதானால் உங்களுக்கும் துணைவருக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு கொடுங்கள். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய அற்றோர்ணித் தத்துவத்தை மட்டும் நம்பியிருப்பதும் பிழை. கொடுத்தவர் இறந்த அன்றே அதன் வலு முடிந்துவிடும்.

பெண்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்று தெரியாத பெண் என்ன செய்வது? மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அச்சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். காணாமற் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் உண்டு. அந்த மனதை நாம் மதிக்க வேண்டும். அவர்களுக்காகவே 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், அவர் இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பிள்ளையையோ கணவனையோ கைவிட்டதாக ஆகாமல் காணி அலுவல்களைத் தொடங்க அது ஒரு வழி.

ஒருமுறை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். மரணசாசனம் எழுதியவர் அதன் பின் மணஞ் செய்தால் அது தானாகவே வலுவிழக்கும். மறுமணம் செய்தோர் பலர் இதை அறியாதிருக்கிறார்கள். பிள்ளை பிறந்தாலும், பங்கு பெற இருந்தவர் இறந்தாலும் காணாமற் போனாலும் அதை எடுத்துப் பாருங்கள். மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி பழைய சாசனத்தில் இளையவளுக்கு என்று கிடந்தால், நீங்கள் போன பிறகு சகோதரிகள் முகம் பாராமல் இருப்பார்கள். பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றாலும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதில் விதிவிலக்குகளும் உண்டு, விசாரித்து அறிக. காணி விடுவிக்கப்பட்டு அளந்து புதிய படம் கீறினாலும், அனுமதிப்பத்திரம் அளிப்புப்பத்திரமாக மாறினாலும், அரசு காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினாலும் உடனே பாருங்கள். இவை ஒன்றும் நடக்காவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

"உறுதி எல்லாம் எரிந்து போயிற்று, எதை வைத்து எழுதுவது?" என்று கேட்பீர்கள். உறுதி எரிந்தாலும் உரித்து எரிவதில்லை. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்து, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதியைத் தேடிப் பெற முயலலாம். இந்த மூன்று விபரமும் பல சமயம் பழைய கடிதத்திலோ, மாமியாரின் நினைவிலோ, அயற்காணிக்காரரின் உறுதியிலோ இருக்கும்.

ஆகவே சட்டத்தரணியிடம் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்குங்கள். மூத்தவரை இருத்தி, பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நாற்புறமும் யார் யார், கிணற்றில் எத்தனை பங்கு, இறைப்பு முறை எந்த நாள், யார் நட்ட மா எங்கே நின்றது, ஈடு வைத்ததா, மீட்டதா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். இக்கொப்பி மரணசாசனம் ஆகாது. ஆனால் மரணசாசனமும் நியமனப் பத்திரமும் எழுத வேண்டிய விபரமெல்லாம் இதற்குள் இருக்கும். பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தை நாடலாம்.

இதை எழுதுவதால் எவருக்கும் சாவு வருவதில்லை. எழுதாமற் போனவர்களின் பிள்ளைகள் கந்தோர் கந்தோராக அலைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காணிக்குத் திரும்பும் நாள் எப்போது என்பது எமது கையில் இல்லை. கொப்பியைத் திறக்கும் நாள் எமது கையில்தான் உண்டு. வீட்டில் ஆச்சியோ அப்புவோ இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதற் பக்கத்தைத் தொடங்குங்கள்.