பின் பெஞ்சில் அத்தை

மார்கழி மழை விட்ட ஒரு காலையில் அத்தையைப் பதுளை பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் தோட்டத்திலிருந்து மடூல்சீமை – பசறை ரோட்டைப் பிடிக்க நாலு மைல். அதில் கொங்கிரீட் போட்ட இடம் கோயில் வளைவு மட்டும். மற்றதெல்லாம் மழை அரித்துக் கல் துருத்திய பாதை. அத்தைக்கு இடுப்பு எலும்புத் தேய்மானம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "ராசா, திரும்பி வர நான் பஸ்ஸைப் புடிச்சிக்கிறேன். நீ ஓட்டுறது நல்லாத்தான் இருக்கு. இந்த ஜீப்புதான் இடுப்புலயே பார்த்து அடிக்குது" என்றார்.

நாற்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அது. அந்த முதுகே தாங்காத அடி என்றால் அது சின்ன அடி இல்லை.

வண்டி லேண்ட் ரோவர், சீரீஸ் 3, நீளமான 109 அங்குலச் சேசி. தோட்டங்களில் அதையும் ஜீப் என்றே சொல்லிப் பழக்கம். தோட்டத்து ட்ரைவராக இருந்த அப்பா, அங்கே பழைய வண்டிகளைக் கழித்தபோது டெண்டரில் எடுத்தார். வெலிமடை உருளைக்கிழங்கைப் பதுளைச் சந்தைக்கு ஏற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்தப் பாரத்துக்காகப் பின் ஸ்பிரிங்குகளில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டியிருந்தார். அப்பா காலமாகிப் பதினோரு வருடம். கிழங்கு மூட்டை ஏறுவது அவரோடு நின்றது. பட்டைகளை மட்டும் யாரும் கழற்றவில்லை.

பட்டை ஸ்பிரிங்கைச் சிங்களத்தில் 'துனு கொள' என்பார்கள். வில் இலை என்று பொருள். தமிழ்நாட்டில் கமான் பட்டை. இரண்டு பேருமே வில்லைத்தான் பார்த்திருக்கிறார்கள், சரியாகவே பார்த்திருக்கிறார்கள். வில் வளைந்தால்தான் வேலை செய்யும். 1948இல் அம்ஸ்டர்டாம் மோட்டார் காட்சியில் முதல் லேண்ட் ரோவரை நிறுத்தியபோது, அது பண்ணை வேலைக்கான வண்டி. 109இன் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 900 கிலோ பாரத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதன்மேல் இன்னும் இரண்டு பட்டை ஏற்றி, ஐம்பது கிலோகூட இல்லாத ஒரு கிழவியைப் பின்னால் உட்கார வைத்தால், ஸ்பிரிங்குக்கு ஆள் ஏறியதே தெரியாது. கல்லின் அடி அக்சில் வழியாக நேரே பெஞ்சுக்கு ஏறிவிடும். அதே கம்பனி 1970இல் ரேஞ்ச் ரோவருக்குச் சுருள் ஸ்பிரிங் போட்டது. சாதாரண லேண்ட் ரோவருக்கு அது வர 1983 ஆனது. நம் பக்கத்தில் இன்னும் ஓடுகிற பழைய வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தியவை.

விற்றுவிட்டு வேறு வாங்கு என்றார்கள் சிலர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலையே எங்கேயோ போய்விட்டது. தவிர, எங்கள் ரோட்டில் ஏறி இறங்க நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பரபோலிக் ஸ்பிரிங் தேடு என்றார் ஒரு நண்பர். அது நல்ல சாமான்தான். இரண்டு மூன்று பட்டைகளே இருக்கும். நடுவில் தடித்து ஓரத்துக்குப் போகப் போக மெலியும். பட்டையோடு பட்டை உரசாது. ஆனால் இருப்பதைச் சுத்தமாகப் பார்க்காமல் புதிதுக்குக் காசு கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஹாலிஎலயில் ஒரு பழைய பாஸிடம் கொண்டுபோனேன். லொறி ஸ்பிரிங் வேலையிலேயே தலை நரைத்தவர். வண்டிக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஸ்பிரிங் இல்ல, ஒரே இரும்புக் கட்டை" என்றார்.

யூ போல்ட்டைக் கழற்றி, பின் இடப்பக்க ஸ்பிரிங்கைச் சாக்கின் மேல் கிடத்தினார். நடு போல்ட்டை எடுத்த பிறகும் பட்டைகள் பிரியவில்லை. உளி வைத்துத் தட்டியதும் துரு செதில் செதிலாக, காய்ந்த மரப்பட்டை போல உதிர்ந்தது. ஒரு பட்டையின் முனை மேல்பட்டையின் அடிவயிற்றில் உழுது வைத்திருந்த பள்ளத்தில் என் நகம் உள்ளே போனது. வண்டி கல்லில் ஏறும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இவை எப்படி வழுக்கும்? சின்ன அடிக்கு அசையவே மாட்டா. பெரிய அடிக்கு ஒட்டு விட்டுத் திடீரென்று உதைக்கும். அத்தையின் இடுப்பு வாங்கியது அந்த உதையை.

அப்பா வைத்த இரண்டு பட்டைகளையும் இரு பக்கமும் எடுத்தோம். மற்றவற்றைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, முனைகளின் கூரை அரத்தால் மழுக்கி, கிராபைட் கிரீஸ் தடவி அடுக்கினோம். ட்ரைவர் பக்க ஸ்பிரிங்குக்கு வளைவு சற்று அதிகம். பக்கம் மாற்றிப் போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும். அதனால் பாஸ் ஒவ்வொன்றிலும் சோக்கால் அடையாளம் போட்டு வைத்தார்.

கழிவு எஞ்சின் ஒயிலை ஸ்பிரிங்கில் ஊற்றும் பழக்கம் தோட்டங்களில் நிறைய உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒயில் பட்டால் புஷ்ஷின் ரப்பர் ஊதி இளகும். ஆடி ஆவணியில் ஊவாவின் காய்ந்த காற்று தேயிலைக்கு வாசனையைக் கொடுக்கிறது. ரோட்டில் புழுதியையும் கிளப்புகிறது. அந்தப் புழுதி ஒயிலோடு சேர்ந்தால் அரத்தூள் பூசிய மாதிரி. கீழே சிந்துவது கானில் இறங்கி, லயத்துப் பீலித் தண்ணீர்வரை போகும்.

டயர் காற்று கிழங்கு ஏற்றிய காலத்து 40 பவுணிலேயே இருந்தது. முன்னுக்கு 25, பின்னுக்கு 30 என்று குறைத்தேன். பாரம் ஏற்றும் நாளில் கூட்டிக்கொள்கிறேன். காசு செலவில்லாமல் கிடைத்த சுகம் இதுதான். பின் ஷொக் எப்சோபர் இரண்டும் ஒயில் கசிந்து செத்திருந்தன. துருப்பிடித்த ஸ்பிரிங் தன் உரசலாலேயே துள்ளலை அடக்கி வைத்திருந்ததால் அது வெளியே தெரியவில்லை. ஸ்பிரிங் இளகியதும் வண்டி தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியது. புது ஷொக் போட்ட பிறகுதான் அடங்கியது. ஒன்றைத் தொட்டால் அடுத்தது கை நீட்டும். பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் 'முன்னைவிட மோசம்' என்று திரும்புகிறார்கள்.

இனி நான் சொல்வது ஸ்பானர் பிடிக்கிற வேலை இல்லை. 109இன் பின் பெஞ்சுகள் பின் சக்கரத்தின் மேலும் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. சக்கரம் ஒரு சாண் தூக்கினால், கடைசியில் உட்கார்ந்தவர் அதற்கும் மேலே போய் விழுவார். இரண்டு அக்சிலுக்கும் நடுவே உள்ள முன் சீட்டில் அந்த அடி பாதிதான். எங்கள் தோட்டங்களில் முன் சீட்டு யாருக்கு? கணக்கப்பிள்ளைக்கு, தலைவருக்கு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு. பிள்ளைத்தாச்சியும் கிழவியும் பின்னால். கொழுந்து லொறியிலும் ட்ராக்டர் பெட்டியிலும் பிரசவ வலியோடு போன பெண்ணின் கதை இல்லாத லயத்தை நான் பார்த்ததில்லை. அந்த அடியை வாங்கிய சனத்துக்கு, ஜீப் வந்த பிறகும் நாம் கொடுத்தது அதே பின் பக்கம். எந்தப் பட்டையைக் கழற்றினாலும் இந்த ஒழுங்கை மாற்றாமல் வண்டி சுகமாகாது. என் வண்டியில் மாற்றிவிட்டேன். நோயாளி முன்னால், நடக்க முடிந்த ஆம்பிளைகள் பின்னால். தலைவர் ஒருவர் முகம் சுளித்தார். அவருடைய மகள் ஏழு மாதத்தில் கிளினிக்குக்குப் போன அன்றைக்கு அவரே பின்னால் ஏறிக்கொண்டார்.

போன கிழமை அத்தைக்கு மறுபடி கிளினிக். முன் சீட்டைக் காட்டினேன். "நீ வேலை செஞ்சது பின்னாலதானே, அங்கயே பார்க்கிறேன்" என்று ஏறினார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். போன தடவை இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்திருந்தவர், இம்முறை ஒரு கையால் பிடித்து, மறுகையில் கிளினிக் கொப்பியை வைத்திருந்தார். கோயில் வளைவு தாண்டியதும், "ராசா, இந்தப் பக்கம் மட்டும் டக்கு டக்குங்குது" என்றார். இடப்பக்கம்.

பசறையில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஷெக்கல் புஷ்ஷின் ரப்பர் ஓரம் முறுகிப் பிளந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான்தான் பூட்டினேன், அதுவும் வண்டி ஜெக்கில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டேன். சக்கரம் தரையில் நின்று, பாரம் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே கிடந்து கிழியும். பாஸ் சொல்லியிருந்தார். சனிக்கிழமை புது புஷ் போட்டு, வண்டியை நிலத்தில் இறக்கிவிட்டு இறுக்கப் போகிறேன். அத்தையின் அடுத்த கிளினிக் 18ஆம் திகதி.