கற்பனைக்கும் வேண்டும் வாய்மை

"வாழாத ஒருத்தியின் வாழ்க்கை வரலாற்றைத் திருத்தி யாருக்கு என்ன பயன்?"

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில், விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரத்தைப் பற்றிய கட்டுரையை எப்படிச் சீர்செய்யலாம் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, தோழி ஒருத்தி கேட்ட கேள்வி இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆயினும் அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. பாடம் படிக்க வேண்டிய நேரத்தில் பொழுதுபோக்குக் கதைக்கு ஏன் இத்தனை பாடு என்று நம் பெற்றோரும் கேட்கக்கூடும். கற்பனைப் பாத்திரத்தைப் பற்றி எழுதினாலும் எழுதுவது மெய்யாக இருக்க வேண்டும். அதற்குச் சான்று தேடுவது நம்மை நேர்மையில் பழக்கும் நல்ல வேலை என்பது என் கருத்து. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன்.

1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்ற தொடர் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அதைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. 23ஆம் நூற்றாண்டில் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பல் நட்சத்திரங்களிடையே பயணம் செய்வதாகக் கதை. அக்கப்பலின் செய்தித் தொடர்பு அதிகாரி லெப்டினன்ட் உஹூரா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெண். சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் 'உஹூரு' என்ற சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. அவ்வேடத்தில் நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. 1932இல் பிறந்த அவர் 2022இல் காலமானார்.

இப்பாத்திரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சீர்தூக்கிப் பார்ப்பது எப்படி?

முதலில் கதையையும் உலகத்தையும் பிரிக்க வேண்டும். கதைமேல் ஆசை கொண்டவர்கள் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலும் காணும் குறை இதுதான். இந்தக் கப்பலில் பணியாற்றினார், அந்தக் கிரகத்திற்குப் போனார் என்று, உஹூரா நம் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர் போல எழுதிக்கொண்டே போவார்கள். அவரைப் படைத்தவர் யார், நடித்தவர் யார், எந்த ஆண்டில், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஒன்றும் இராது. கதைச் சுருக்கத்துக்கு ஒரு பங்கு போதும். மீதி இடமெல்லாம் மெய்யான மனிதர்களுக்கு உரியது.

அவருடைய பெயரையே பாருங்கள். 'நியோட்டா உஹூரா' என்பதே அவர் முழுப்பெயர் என்று இன்று பலரும் எழுதுகின்றனர். நியோட்டா என்றால் சுவாஹிலியில் விண்மீன். ஆனால் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 79 கதைகளில் ஒன்றிலும் இப்பெயர் இல்லை. 1982இல் வெளியான ஒரு புத்தகத்தில் அது இடம்பெற்றது. திரையில் முதன்முதலாக ஒலித்தது 2009இல் வந்த திரைப்படத்தில்தான். பெயர் எப்போது, எங்கே பிறந்தது என்று ஆண்டோடு எழுதினால் அது வரலாறு. எழுதாவிட்டால் வெறும் கதை.

அடுத்தது 'முதல்' என்ற சொல். அமெரிக்கத் தொலைக்காட்சியில் முக்கிய வேடம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் என்று உஹூராவைப் புகழ்ந்து எழுதத் தோன்றும். அது சரியன்று. 1950இலேயே 'பியூலா' என்ற தொடரில் ஈதல் வாட்டர்ஸ் என்ற கறுப்பின நடிகை தலைமை வேடம் ஏற்றுவிட்டார். ஆனால் அந்தப் பியூலா யார்? ஒரு வெள்ளையர் வீட்டில் சமைத்துப் போடும் வேலைக்காரி. வீட்டுவேலை இழிவானதன்று, உழைப்பு எதுவாயினும் உயர்ந்ததே. இந்த நிறத்தவளுக்கு இந்த வேலைதான் என்று ஒதுக்கி வைத்ததுதான் இழிவு. 1950இல் சமையலறையில் நின்ற கறுப்பினப் பெண்ணை 1966இல் விண்கப்பலின் அதிகாரியாக மக்கள் கண்டார்கள். 'முதல்' என்ற பொய்ப்பட்டத்தை நீக்கிவிட்டு இந்த உண்மையை எழுதினால் உஹூராவின் பெருமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வாய்மைக்கு வேறு நகை எதற்கு?

குறைகளையும் மறைக்கலாகாது. உஹூராவுக்குக் கொடுக்கப்பட்ட வசனங்கள் கொஞ்சம். தலைவர் கட்டளையிட, இவர் செய்தி அனுப்புவார். பல கதைகளில் அவ்வளவே வேலை. அதனால் மனம் வெறுத்து, முதல் ஆண்டு முடிந்ததும் நிக்கல்ஸ் விலக முடிவு செய்தார். அப்போது ஒரு நிகழ்ச்சியில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்ததாகவும், விலக வேண்டாம், உங்களைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் தங்களை மதிக்கக் கற்கிறார்கள் என்ற கருத்துப்பட அவர் வேண்டிக்கொண்டதாகவும், அதனால்தான் தாம் நிலைத்ததாகவும் நிக்கல்ஸ் கூறியிருக்கிறார்.

உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி. ஆனால் இது நமக்குத் தெரிவது நிக்கல்ஸ் தம் பேட்டிகளிலும், 1994இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும் சொன்னதன் வழியாக. ஆகவே 'கிங் இவ்வாறு சொன்னார்' என்று எழுதுவதைவிட, 'கிங் இவ்வாறு சொன்னதாக நிக்கல்ஸ் கூறினார்' என்று எழுதுவதே முறை. இது நிக்கல்ஸை நம்பாததால் அன்று. சாட்சி யார் என்பதைச் சொல்லிவிடுவது நம் கடமை. ஏற்பது படிப்பவரின் பொறுப்பு. புனித லூக்கா தம் நற்செய்தியைத் தொடங்கும்போது, கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததை ஆராய்ந்து எழுதுவதாகத்தானே முன்னுரை தருகிறார்!

கடைசியாக, உரியவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். 1977இல் நிக்கல்ஸ் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்குமாறு நாடெங்கும் சென்று அழைத்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1978 ஜனவரியில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பின ஆண்கள். அப்பெண்களுள் ஒருவரான சாலி ரைடு 1983இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியானார்.

இதைக் கொண்டு, சாலி ரைடை விண்வெளிக்கு அனுப்பியவரே நிக்கல்ஸ் என்று எழுதிவிடலாமா? கூடாது. ரைடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, மாணவர் செய்தித்தாளில் வந்த அறிவிப்பைக் கண்டு விண்ணப்பித்தவர். அவர் படித்த பௌதிகமும் பட்ட பாடும் அவருடையவை. நிக்கல்ஸ் கதவைத் தட்டினார். உள்ளே சென்றவர்கள் தங்கள் தகுதியால் சென்றார்கள். ஒருவரை உயர்த்த வேண்டி மற்றவர் உழைப்பை எடுத்துக் கொடுப்பதும் ஒருவகைத் திருட்டே.

அப்படியானால் அந்தக் கற்பனைப் பெண்ணால் விளைந்த நன்மை ஒன்றுமில்லையா? உண்டு; அதற்குச் சான்றும் உண்டு. மே ஜெமிசன் என்ற கறுப்பினச் சிறுமி உஹூராவைத் திரையில் பார்த்து வளர்ந்தாள். மருத்துவம் படித்தாள். 1987இல் நாசாவில் தேர்வு பெற்று, 1992 செப்டம்பர் 12ஆம் நாள் 'எண்டெவர்' ஓடத்தில் புறப்பட்டு, விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். உஹூராவால் ஊக்கம் பெற்றதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1993இல் ஸ்டார் டிரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில் ஒரு சிறு வேடத்திலும் தோன்றினார். இங்கே 'முதல்' என்ற சொல் பொருந்துகிறது, தாராளமாக எழுதலாம்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலர் எண்ணலாம். கலைக்களஞ்சியம் தொகுப்பது நம் திருச்சபைக்குப் புதிதன்று. 636இல் இறந்த செவில் நகர் ஆயர் புனித இசிதோர், தம் காலத்து அறிவையெல்லாம் 20 நூல்களாகத் தொகுத்தார். ஐரோப்பியத் துறவு மடங்களில் பல நூற்றாண்டுகள் அதைப் படியெடுத்துப் படித்தார்கள். அப்பெரும் புனிதரின் தொகுப்பிலும் நாய்த்தலை கொண்ட மனிதர்கள் போன்ற செவிவழிச் செய்திகள் இடம்பெற்றுவிட்டன. படியெடுத்தவர்கள் அவற்றையும் சேர்த்தே படியெடுத்தார்கள். அன்று ஒரு பிழை பரவ ஆண்டுகள் ஆயின. இன்று நொடிப்பொழுது போதும். நாம் கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை சொல்லும் கணினி அறிவும் இத்தகைய கட்டுரைகளைப் படித்தே கற்கிறது. ஓர் இடத்தில் விழுந்த பொய் ஆயிரம் வாய்களில் உண்மை போல் பேசுகிறது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அதை எப்படி நம்புவது என்று ஆசிரியைகள் சிலர் கேட்கின்றனர். நியாயமான ஐயம். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் யாரும் கைவைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் எந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது என்ற பதிவு அழியாமல் இருக்கிறது. கருத்து வேறுபட்டால் வாதாட ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. சான்றில்லாத வரிக்குச் சான்று கேட்க வழியிருக்கிறது. அங்கே எழுதியிருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளும் மாணவிக்கு அது ஆபத்து. இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவிக்கு அது பள்ளிக்கூடம்.

அங்கே பழக வேண்டிய இன்னொரு பண்பும் உண்டு. நாம் திருத்துவது மற்றொருவர் உழைத்து எழுதியதை. 'இவ்வளவுகூடத் தெரியாதா' என்று குத்திக் காட்டாமல், இன்ன காரணத்தால் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதி வைப்பது நாகரிகம். நம் வரியை வேறொருவர் திருத்தும்போது முகம் சுளிக்காமல் சான்றைப் பார்ப்பது பணிவு. தவறை ஒப்புக்கொள்ளுதல் எவ்வளவு கடினம் என்பது, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் நமக்குத் தெரியாததா?

தோழியருக்கு ஒன்று சொல்வேன். தமிழிலும் 2003 முதல் விக்கிப்பீடியா இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தைப் பற்றிய கட்டுரையை, பெற்றோரின் அனுமதியோடு, எடுத்துப் பாருங்கள். ஒரு தேதியைச் சரிபாருங்கள். ஒரு 'முதல்' என்ற சொல்லைச் சோதியுங்கள். தெரியாததை எழுதாதீர்கள், தெரிந்ததைச் சான்றோடு எழுதுங்கள். பொய்ச்சாட்சி கூடாது என்னும் எட்டாம் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. கலைக்களஞ்சியத்தின் ஒரு வரிக்கும் உரியதே.

என் தோழியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடுகிறேன். உஹூரா வாழவில்லை, உண்மைதான். ஆனால் நிஷெல் நிக்கல்ஸ் வாழ்ந்தார். சாலி ரைடு வாழ்ந்தார். மே ஜெமிசன் விண்ணுக்குப் போய்த் திரும்பினார். கற்பனைப் பெண்ணைப் பற்றி நாம் பொய் எழுதினால், அந்தப் பொய் போய் விழுவது இந்த மெய்யான பெண்கள்மேல். அதைத் துடைப்பது வீண்வேலை என்று இனியும் சொல்வாயா, தோழி?