ஒரே வீடு, மூன்று ராத்திரிச் சாப்பாடு

"எங்க பொண்ணு சாம்பார் தொடவே மாட்டா. பாஸ்தா இருந்தா மட்டும்தான் சாப்பிடுவா." இதைச் சொல்லும்போது நம் பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர் முகத்தில் சின்னதாய் ஒரு பெருமை எட்டிப் பார்க்கும், கவனித்திருக்கிறீர்களா? ஆரம்பம் புலம்பல் மாதிரி இருக்கும். முடிவு ஏதோ பட்டம் வாங்கியது மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்பவர் உடனே, "எங்க பையன் அதுக்கும் மேல. நூடுல்ஸ்தான், அதுவும் ஒரே ஒரு கம்பெனி நூடுல்ஸ்" என்பார். அபார்ட்மெண்ட் பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டுவதற்குள் இந்த ஏலம் நாலு ரவுண்டு போய்விடும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். கோபம் குழந்தைகள் மேல் கிடையாது. சாப்பாடு போடும் பெரியவர்கள் மேல்தான்.

மடிவாளாவில் தொடங்கி வொயிட்ஃபீல்ட் வரை பல வீடுகளில் ராத்திரிக்கு மூன்று சமையல் நடக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்று. குழந்தைக்கு ஒன்று. குழந்தை அதையும் தள்ளிவிட்டால் அவசரத்துக்கு மூன்றாவது. சில்க் போர்டு சிக்னலில் உயிரை விட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து சேரும் ஒரு பெண், ஹாண்ட்பேக்கைக் கீழே வைத்த கையோடு இந்த மூன்றையும் செய்ய வேண்டும். முடியாத நாளில் இருக்கவே இருக்கிறது ஸ்விக்கி. 2014-ல் இதே பெங்களூரில், கோரமங்களாவில் ஆரம்பித்த கம்பெனிதான். நமக்காகவே ஆரம்பித்தார்களோ என்னவோ :-)

என் கட்சி இதுதான். குழந்தைக்கென்று தனிச் சமையல் கூடாது. வீட்டுக்கு ஒரே சமையல். கூடவே, துரத்தி ஊட்டுவதும் மிரட்டி ஊட்டுவதும் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் என் கட்சி. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு குழந்தையை உருட்டி மிரட்டக் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு பார்ப்போம். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் சுமாராக ஒன்பது கிலோ இருக்கும். மூன்று மடங்கு! அடுத்த ஒரு வருஷம் முழுக்க ஏறுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். அதே நேரத்தில்தான் தெரியாத உணவைக் கண்டால் சந்தேகப்படும் குணமும் தலைதூக்குகிறது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அது உச்சத்தில் இருக்கும். உலகம் முழுக்க எல்லா ஊர்க் குழந்தைகளுக்கும் இப்படித்தான். நாம் என்ன செய்கிறோம்? பசி குறைந்த குழந்தையைப் பார்த்துப் பயந்துபோய், அது கேட்ட வெள்ளை நிற ஐட்டங்களை மட்டும் கொடுத்து, தானாகக் கடந்து போக வேண்டிய ஒரு காலகட்டத்தை நிரந்தரப் பழக்கமாக்கி விடுகிறோம்.

அடுத்தது பால் கணக்கு. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1360 கலோரி என்று 2020-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட அளவீடு சொல்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2110. காலையில் பவுடர் கலந்த பெரிய டம்ளர் பால், பள்ளிக்கு பிஸ்கட், சாயங்காலம் இன்னொரு டம்ளர் பால், பார்க்கில் ஜூஸ், கடைசியில் ஒரு சாக்லேட். எட்டரை மணிக்குத் தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும்போது அந்த 1360-ல் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். பசியே இல்லாத குழந்தைக்கு "பிக்கி ஈட்டர்" என்று பெயர் வைத்தால் ஆயிற்றா?

அந்தப் பவுடரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் அம்மாக்கள் காலத்திலிருந்து "ஹெல்த் டிரிங்க்" என்று சொல்லி விற்றார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. இந்திய உணவுச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வரையறையே கிடையாது என்பதுதான் காரணம். ஹார்லிக்ஸ் விற்கும் கம்பெனியும் அதே மாதம் அந்தப் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது. அவர்களே பெயரை மாற்றிவிட்டார்கள், நம் வீட்டில் மட்டும் அது இன்னும் "சத்து மாவு" ஸ்தானத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நிற்க. சாப்பாட்டுக்குப் பதில் பால் என்று இருந்தால் வயிறு நிறையும், இரும்புச் சத்து சேராது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிகம் குடித்தால் மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பு உடம்பில் சேர்வதையும் கெடுக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ள குழந்தைகள் கர்நாடகாவில் 65.5 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். இதற்கு வறுமை, தொற்று என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் "எங்க குழந்தைக்குத்தான் தினமும் ரெண்டு டம்ளர் பால் போகுதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த எண்களை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, என்னதான் செய்வது? அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் 1980களில் இதற்கு ஒரு வேலைப் பிரிவினை சொன்னார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. என்ன சமைப்பது என்பதை நாலு வயசு முடிவு செய்கிறது. எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை அம்மா முடிவு செய்கிறாள். நடுவில் யூட்யூப் பஞ்சாயத்து பண்ணுகிறது. (2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நம் வீட்டில் ஒரு தோசைக்கே ஒரு மணி நேரம்!)

"அதட்டினால்தான் சாப்பிடும்" என்பவர்களுக்கு: லீயன் பர்ச் என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளின் சாப்பாட்டைத்தான் ஆராய்ந்தார். 1982-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு புது உணவை எத்தனை அதிக முறை ருசி பார்த்தார்களோ அந்த அளவுக்கு அது பிடிக்க ஆரம்பித்தது. 2006-ல் அவருடைய குழு இன்னொன்று செய்தது. சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப். ஒன்றுக்கு "சூப்பை முடி, முடி" என்று நச்சரித்தார்கள். இன்னொன்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நச்சரிக்காத சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தன. "உவ்வே" சொன்னதும் அதற்குக் குறைவு.

ஆக, கத்தரிக்காயை ஒரு தடவை வைத்து, குழந்தை துப்பியதும் "அவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதுகிறோமே, அதுதான் அநியாயம். பத்துப் பதினைந்து தடவை தட்டின் ஓரத்தில் வந்து போக வேண்டும். தனிச் சமையல் செய்யும் வீட்டில் அந்தக் கத்தரிக்காய் குழந்தையின் கண்ணிலேயே படாது. அப்புறம் எப்படிப் பழகும்?

"பசியோட படுக்க வைக்கிறதா? கல் நெஞ்சமா?" என்று ஊரிலிருந்து பாட்டி போன் போடுவார். வேண்டாம் பாட்டி. ஒரே சமையல் என்றால் குழந்தை சாப்பிடக்கூடிய ஒன்றாவது அதில் எப்போதும் இருக்கும். வெறும் சாதம், தயிர், வாழைப்பழம், நெய் தடவிய சப்பாத்தி, ஏதோ ஒன்று. குழம்பு வேண்டாமென்றால் தயிர் சாதத்தோடு எழுந்து போகட்டும். காரம் போடுவதற்கு முன் ஒரு கரண்டி பருப்பை எடுத்து வைப்பது தனிச் சமையல் ஆகாது. ஒன்பது மணிக்கு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து நூடுல்ஸ் கிளறுவதுதான் தனிச் சமையல்.

நம்மில் எத்தனை பேர் 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்? அங்கே கிட்ஸ் மெனு கிடையாது. தமிழக அரசு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் விரிவாக்கிய காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று என்றுதான் பட்டியல் போட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துப் பிள்ளை சாப்பிடுகிறது. ஜப்பான் பள்ளிகளில் ஆசிரியரும் வகுப்பறையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு அதே மதிய உணவைச் சாப்பிடுகிறார். உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கும் அப்பா வீட்டில் இருந்தால் பையனும் சுளிக்கத்தான் செய்வான்.

அப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்கு 299 நிமிடம். செய்த ஆண்கள் 97 நிமிடம். அதுவும் நூறு ஆண்களில் 26 பேர்தான் அந்தப் பக்கமே போனார்கள். "குழந்தைக்கு வேற ஏதாவது பண்ணிக் குடேன்" என்று சோபாவில் இருந்து குரல் கொடுப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அய்யா, அந்த வேற ஏதாவதை நீங்கள் எழுந்து போய் ஒரு வாரம் செய்யுங்கள். இரண்டாவது வாரம் நீங்களே என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்.

எளிமையாகச் செய்ய ஆயிரம் வழி இருக்கிறது. 2005-ல் இதே ஊரில் ஐடி என்று ஒரு கம்பெனி மாவு பாக்கெட் விற்க ஆரம்பித்த பிறகு அரைக்கும் வேலையும் போயிற்று. திங்கள் தோசை. செவ்வாய் கொங்குநாட்டு அரிசி பருப்பு சாதம், ஒரே குக்கர், மூன்று விசில். புதன் சப்பாத்தியும் பருப்புக் கீரையும். வியாழன் ரசம், முட்டைப் பொரியல். வெள்ளி தக்காளி சாதம், தயிர். இதில் எதற்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் இங்கே அவரேகாய் குவியும். ஊறவைத்த பருப்பைத் தோலிலிருந்து பிதுக்கி எடுக்கிற வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி, வேலூர் பக்கம் பிதுக்கம்பருப்பு என்பார்களே, அதேதான். பாதி பருப்பு தரையில் கிடக்கும், ஆனால் தான் பிதுக்கியதை ஒரு வாயாவது சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றும்.

இதற்கு விலக்கு உண்டு. எடை குறைகிற குழந்தை, விழுங்கும்போது புரையேறுகிற குழந்தை, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டுமே உணவுகளை ஏற்கிற குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, அலர்ஜி உள்ள குழந்தை. இவர்களுக்கு டாக்டர்தான் பேச வேண்டும், என் பேச்சைக் கேட்காதீர்கள். மற்ற பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை குழந்தையின் நாக்கில் இல்லை, நம் பதற்றத்தில் இருக்கிறது.

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை, பள்ளியில் கன்னடமும் இந்தியும் இங்கிலீஷும் என்று அதற்காவது ஒரு சாக்கு சொல்லலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில், பாட்டி விடிகாலையில் எழுந்து வைத்த குழம்பைத் தள்ளிவிட்டு "மேகி இருக்கா?" என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சாக்கு? அந்தக் கிழவியின் முகம் வாடுவதை அடுத்த தடவை நின்று பாருங்கள். குழம்புக்குப் பழகாத நாக்கை அந்த வீட்டில் யாரும் உருவாக்கவில்லை. இங்கே, நம் சமையலறையில், ஒவ்வொரு ராத்திரியும் உருவாக்கினோம்.

நாளைக்கு அரிசி பருப்பு சாதம் வையுங்கள். செல்போன்களை, உங்களுடையதையும் சேர்த்து, பெட்ரூமில் போட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். குழந்தை வெறும் தயிர் சாதத்தோடு எழுந்தால் "இன்னும் ஒரு வாய்" சொல்லாமல் விடுங்கள். அப்புறம் அடுப்பைத் துடைத்துவிட்டு சமையலறை லைட்டை அணையுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அதைத் திரும்பப் போடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.