வேட்டை வில்லும் விளையாட்டுப் பிள்ளையும்



மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் கையில் எதையும் கொடுத்துவிடலாம் என்னும் போக்கைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது.

சென்ற ஆண்டு, என் முன்னாள் மாணவன் ஒருவன் முதலாம் படிவத்தில் அம்பெய்தல் கழகத்தில் சேர்ந்தான். கழகத்தில் வில்கள் குறைவு. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மகனின் ஏக்கத்தைக் காணப் பொறுக்காத தந்தை, வேட்டைக்குரிய பழைய காம்பவுண்டு வில் ஒன்றை இணையத்தில் பாதி விலைக்கு வாங்கினார். "புதியது வாங்க வசதியில்லை சார். இழுக்க இழுக்கப் பழகிக்கொள்வான்" என்றார். ஒரு மாதத்திற்குள் பையனுக்குத் தோள்வலி. வில் அலமாரியின் மேலே ஏறிவிட்டது. "எனக்கு இது வராது சார்" என்று அவன் சொன்னபோது எனக்குத் தந்தைமேல் கோபம் வரவில்லை, நம்மேல்தான் வந்தது.

வேட்டை வில் விலங்கை வீழ்த்தச் செய்யப்பட்டது. அவற்றுள் பலவற்றின் இழுவிசை 60 முதல் 70 பவுண்டு. தொடக்கநிலைச் சிறுவனுக்கு 16 முதல் 20 பவுண்டே போதும். "முழுவதும் இழுத்துவிட்டால் பாரம் கால்பங்காகக் குறைந்துவிடுமே" என்பர் விற்பவர். உண்மைதான். ஆனால் அந்த இடத்தை அடையுமுன் முழுப் பாரத்தையும் தோள் கடந்தாக வேண்டுமே! "திருகாணியைத் தளர்த்திக் குறைக்கலாம்" என்பர். பெரும்பாலும் 10 பவுண்டு அளவே குறையும். "2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டும் இடம்பெறுகிறதே" என்று வாதிடுவோரும் உளர். உலக அம்பெய்தல் சம்மேளனத்தின் போட்டிகளில் காம்பவுண்டு வில்லின் உச்ச வரம்பே 60 பவுண்டுதான் என்பதை அவர்கள் அறிவார்களா? தேர்ந்த வீரர்களுக்கு வகுத்த எல்லையைப் பதின்மூன்று வயதுப் பையன் தாண்ட வேண்டுமா?

பழைய வில்லில் வேறு கேடுகளும் உண்டு. அம்பு பூட்டாமல் ஒருமுறை நாணை விட்டாலும், அம்பு ஏற்க வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, மேல்கீழ்த் தகடுகளில் விரிசல் உண்டாகலாம். நம் நாட்டு வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த வில்லின் ஒட்டுப் பசையும் இளகலாம். இவை நிழற்படத்தில் தெரிவதில்லை. நாணையும் கம்பிவடங்களையும் மாற்ற, வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிக்கருவி தேவை. பையனின் கைநீளத்திற்கு வில்லின் இழுநீளம் பொருந்தாவிட்டால், இலவசமாகக் கிடைத்தாலும் அது வீண். இழுவிசைக்குப் பொருந்தாத மெல்லிய கார்பன் அம்போ நாணிலிருந்து விடுபடும்போதே உடைந்து, வில் பிடித்த கையைக் கிழிக்கக்கூடும்.

பழைய பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதியற்ற குடும்பங்களின் நிலையை அறிந்தவன் நான். பழையது வாங்குவதாயின், பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய ரிகர்வ் வில்லை வாங்குங்கள். அதன் நடுக்கைப்பிடி பல ஆண்டு உழைக்கும். பிள்ளைக்கு வலிமை கூடும்போது தகடுகளை மட்டும் மாற்றினால் போதும். வாங்குமுன் பயிற்றுநரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் இயலாதெனில் கழக வில்லுக்குக் காத்திருங்கள்; காத்திருப்பதும் பயிற்சியே.

ஆசிரியர்களே, அந்தத் தந்தையைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? கழகத்தில் சேரப் படிவம் கொடுக்கிறோம், கட்டணம் வாங்குகிறோம். எந்த வில்லை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஒரு பக்கக் குறிப்பேனும் கொடுக்கிறோமா? விற்பவன் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழிகாட்டி யார்?

அடுத்த தவணைக்குள் அந்தக் குறிப்பை எழுதுவோம். அந்தப் பையனை மீண்டும் திடலுக்கு அழைத்து, 16 பவுண்டு வில்லொன்றைக் கையில் கொடுத்து, "உனக்கு வரும்" என்று சொல்ல வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது.